மழைக்காட்டு ப்ளாட்டில் மரச் சுற்றளவு எடுப்பது எப்படி

களக்காடு முண்டந்துறை, ஆனைமலை போன்ற இடங்களின் பழங்காட்டில் நிரந்தர ப்ளாட் (அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளக்க எல்லை குறித்த நிலத்துண்டு) போடும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு எங்கள் முதல் வார்த்தை: அளக்கும் இடம் மாறக் கூடாது. நிழலில் நிற்கும் மரம் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காமல் இருக்கும். டேப் சற்று ஏறி இறங்கினாலே அந்த வளர்ச்சி தொலைந்துபோகும்.

புலிகள் காப்பகம் என்றால் முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. மாதக்கணக்கில் ஆகலாம். ஆணி அடிப்பது, பெயின்ட் பூசுவது, இலை மாதிரி எடுப்பது எல்லாவற்றையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

ப்ளாட்டின் 20 மீட்டர் என்பது கிடைமட்டத் தூரம். 20 டிகிரிச் சரிவில் தரையோடு 21.28 மீட்டர், 30 டிகிரியில் 23.09 மீட்டர் இழுக்க வேண்டும். இதை விட்டால் ப்ளாட் சுருங்கி, ஹெக்டேருக்கு உள்ள மரங்கள் குறைவாகத் தெரியும். அடர்ந்த விதானத்தின் (மரக்கிளைகளும் இலைகளும் சேர்ந்த மேற்கூரை) கீழ் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். மூலைகளைக் காம்பஸும் டேப்பும் வைத்தே பிடியுங்கள்.

இனி அளவு. சுற்றளவு எடுக்கும் உயரம் 1.3 மீட்டர்; அந்த நீளக் குச்சியை இலைச்சருகை விலக்கி மண்மேல் நிறுத்துங்கள். சருகின் மேல் வைத்தால் உயரம் கூடிவிடும். சரிவில் மேட்டுப்பக்கமாக வைப்பது வழக்கம். டேப் தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்ற வேண்டும். சாய்ந்தால் அளவு எப்போதும் கூடுதலாகத்தான் வரும், அதனால் ஒருவர் மரத்தின் பின்னால் போய்ப் பார்ப்பது அவசியம். பாசியைக் கையால் நீவி எடுங்கள், கத்தி வேண்டாம். கொடிக்கு அடியில் டேப்பை நுழைத்துச் சுற்றுங்கள், கொடியை வெட்டாதீர்கள்.

வெடிப்பலா போன்ற மரங்களில்தான் சிக்கல். அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் பலகை வேர் 1.3 மீட்டரைத் தாண்டியிருந்தால், வேர் முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே ஏணி வைத்து அளந்து, அந்த உயரத்தைக் குறியுங்கள். வேரையும் சேர்த்துச் சுற்றிய ஒரே மரம் ப்ளாட்டின் மொத்த உயிர்த்திரள் (மரங்களின் மொத்த எடை) கணக்கை ஏற்றிவிடும். வேர் வருடாவருடம் மேலேறும் என்பதால் சற்றுக் கூடுதல் உயரம் எடுப்பது நல்லது.

அளந்த இடத்தில் மெல்லிய பெயின்ட் கோடு. மர எண் உள்ள டேக் (சிறு தகடு) அதற்கு 30 செ.மீ. மேலே, ஏனென்றால் ஆணி அடித்த இடம் வீங்கும். அலுமினிய ஆணி போதும், பாதி வெளியே நிற்கட்டும். முழுதும் அடித்தால் மரம் டேக்கை விழுங்கிவிடும்.

கணக்கில் சேர்க்கும் மரத்தின் குறைந்தபட்ச அளவு சுற்றளவு 30 செ.மீ.யா, விட்டம் 10 செ.மீ.யா (அதாவது சுற்றளவு 31.4) என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். விட்டத்தை நேரடியாகக் காட்டும் டேப்பையும் சாதா டேப்பையும் ஒரே பையில் போடாதீர்கள்.

அளப்பவர் சொல்லும் எண்ணை எழுதுபவர் மறுபடி சொல்லிச் சரிபார்க்க வேண்டும். பென்சிலில் எழுதுங்கள், பேனா மழையில் கரையும். மறு அளவீட்டில் முதலில் அளந்துவிட்டு, பிறகே பழைய எண்ணைப் பாருங்கள். குறைந்திருந்தால் அங்கேயே மறுபடி எடுங்கள். பட்டை உதிர்ந்ததா, டேக் மாறியதா, போன தடவை கொடி சேர்ந்ததா என்று மரத்தடியில்தான் தெரியும்.