வெளிநாட்டு வைட்டமின் மாத்திரை இறக்குமதி செய்து விற்பது எப்படி? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கான வழிகாட்டி

வளைகுடாவில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம் மாவட்டத்தில் குறைவு. லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் மீன் எண்ணெய் மாத்திரையும் வைட்டமின் டி பாட்டிலும் கட்டாயம் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு நாலு பாட்டில் கொண்டு வருவதில் சிக்கல் இல்லை. ஆனால் அப்படி வந்ததை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடையில் வைத்து விற்கக் கூடாது. விற்பனைக்கு என்றால் வேறு வழி. அந்த வழியில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: பணம் அனுப்பும் முன் லேபிளைப் படியுங்கள்

எல்லாரும் லைசென்ஸில் தொடங்குகிறார்கள். லேபிளில் தொடங்குவதுதான் சரி. சப்ளையரிடம் பாட்டிலின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அளவு. இந்தியாவில் வைட்டமின் சப்ளிமென்ட் உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2016-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு நாளைக்கு உட்கொள்ளும் வைட்டமின் அளவு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பரிந்துரைத்த தினசரி அளவைத் தாண்டக் கூடாது. வைட்டமின் டி-க்கு அது பெரியவர்களுக்கு 600 ஐயு (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), அதாவது 15 மைக்ரோகிராம். அமெரிக்க பாட்டில்களில் ஒரு மாத்திரையிலேயே 5000 ஐயு இருப்பது சாதாரணம். அங்கே தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக இங்கே உணவு என்ற பெயரில் அதை இறக்க முடியாது. அந்த அளவுகள் மருந்துச் சட்டத்தின் பக்கம் போய்விடும். அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவு, இறக்குமதி லைசென்ஸ், மருந்து மொத்த விற்பனை லைசென்ஸ் எல்லாம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்து, லேபிளில் இருக்க வேண்டிய வாசகங்கள். ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ என்ற சொல், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற எச்சரிக்கை, பரிந்துரைத்த அளவைத் தாண்ட வேண்டாம், வழக்கமான உணவுக்கு இது மாற்று அல்ல, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்பவை எல்லாம் வேண்டும். ஒவ்வொரு சத்தும் தினசரி அளவில் எத்தனை சதவீதம் என்பதும் இருக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லோகோவும் எண்ணும், சைவ அசைவக் குறி ஆகியவற்றைத் துறைமுகக் கிடங்கில் வைத்தே ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம். தயாரிப்புத் தேதியோ பேட்ச் எண்ணோ சேர்மானப் பட்டியலோ இல்லை என்றால் ஸ்டிக்கர் காப்பாற்றாது, சரக்கு நிராகரிக்கப்படும். மீன் எண்ணெய் கேப்சூலுக்குப் பச்சை வட்டம் போடக் கூடாது, பழுப்பு முக்கோணம்தான்.

படி 2: தயாரிப்பாளரின் பதிவு

வெளிநாட்டுத் தொழிற்சாலை எஃப்எஸ்எஸ்ஏஐ-யிடம் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள். பால், இறைச்சி, முட்டைப் பவுடர், குழந்தை உணவு ஆகியவற்றோடு நியூட்ராசூட்டிகல், அதாவது சப்ளிமென்ட் போன்ற சத்துப் பொருள் வகைக்கும் இந்தப் பதிவு கேட்கப்படுகிறது. ‘பார்த்துச் செய்துகொள்ளலாம்’ என்று சப்ளையர் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 3: உங்கள் பெயரில் எடுக்க வேண்டியவை

ஜிஎஸ்டி பதிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதோடு டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டி இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு, அதாவது ஐஇசி, வாங்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த விவரங்களைப் புதுப்பித்து உறுதி செய்யவும் வேண்டும். மறந்துவிட்டால் குறியீடு முடக்கப்படும்.

அப்புறம் ஃபாஸ்காஸ் என்ற எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஆன்லைன் லைசென்ஸ் தளத்தில் மத்திய லைசென்ஸ். வியாபாரம் எவ்வளவு சிறியதானாலும் இறக்குமதி என்றால் மத்திய லைசென்ஸ்தான். கடைக்குப் போடும் சின்னப் பதிவு இதற்குச் செல்லாது. எடையளவுச் சட்டத்தின் கீழ் இறக்குமதியாளராகவும் பதிய வேண்டும். எம்ஆர்பி, நிகர அளவு, எந்த நாட்டுச் சரக்கு, புகார் சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் பாட்டிலில் வருவது அந்தச் சட்டத்தால்தான்.

படி 4: துறைமுகம்

நினைத்த துறைமுகத்திலெல்லாம் உணவுச் சரக்கை இறக்கிவிட முடியாது. எஃப்எஸ்எஸ்ஏஐ அதிகாரி இருக்கும் இடமாக இருக்க வேண்டும். நமக்குப் பக்கம் தூத்துக்குடி, அடுத்தது கொச்சி. பழக்கமான கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆவணங்களை அவர் ஆன்லைனில் ஏற்றுவார். அதிகாரி பார்வையிடுவார், சாம்பிள் எடுத்தால் ஆய்வகத்துக்குப் போகும். எல்லாம் சரியாக இருந்தால் தடையில்லாச் சான்று வரும்.

இறங்கும்போது சரக்கின் ஆயுளில் 60 சதவீதமோ 3 மாதமோ, இரண்டில் எது குறைவோ அது மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு வருட ஆயுள் உள்ள பாட்டிலுக்கு 3 மாதம் இருந்தாலே சட்டப்படி போதும். ஆனால் 3 மாதத்தில் காலாவதியாகும் சரக்கை எந்தக் கடைக்காரரும் எடுக்க மாட்டார். குறைந்தது ஒரு வருடம் மிச்சமுள்ள பேட்ச் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

படி 5: விற்பனை

மெடிக்கல் ஷாப்பில் வைத்தாலும் மருந்து லைசென்ஸ் மட்டும் போதாது, உணவுப் பாதுகாப்புப் பதிவோ லைசென்ஸோ தனியாக வேண்டும். உங்கள் பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் அச்சிட்டிருக்க வேண்டும்.

விளம்பரத்தில்தான் நம் ஆட்கள் நிறைய மாட்டுகிறார்கள். ‘சர்க்கரை குணமாகும்’, ‘மூட்டு வலி பறந்துவிடும்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் விளம்பரம்தான். சப்ளிமென்ட் எதுவும் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், அதை நம்பி ஒரு பாட்டி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எந்த பேட்ச் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டிலாவது எழுதி வையுங்கள். சரக்கில் குறை இருப்பது தெரிந்தால் திரும்பப் பெற வேண்டியது இறக்குமதியாளர்தான். தக்கலையில் எந்தக் கடைக்கு எத்தனை பாட்டில் கொடுத்தோம் என்று அன்றைக்கு உட்கார்ந்து தேட முடியாது.