டென்மார்க் கிராமப்புறம் போகிறீர்களா? சில்லறை முக்கியம்

டென்மார்க்கின் ஃபியூன், சாம்சோ தீவுகளில் சைக்கிளிலோ காரிலோ சுற்றினால், பண்ணை வாசல்களில் சின்னச் சின்ன மரத்தட்டிக் கடைகள் கண்ணில் படும். விற்க ஆள் இருக்காது. முட்டை, தேன், ஜூன் மாதமானால் ஸ்ட்ராபெர்ரி, மண் ஒட்டிய புது உருளைக்கிழங்கு; பக்கத்தில் விலை எழுதிய அட்டை, ஓர் உண்டியல். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நம்பிக்கை எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் மொபைல்பே செயலியில் கட்டிவிடுவார்கள். அங்கே வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது சரிப்படாது. அதனால் டவுனை விட்டுக் கிளம்பும்போதே 10, 20 குரோனர் நாணயங்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். உண்டியல் மீதி தராது.

அப்புறம், சாம்சோ உருளைக்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். தோல்கூட உரிக்க வேண்டாம். கழுவி வேகவைத்து, வெண்ணெயும் உப்பும் போட்டாலே அவ்வளவு ருசி!