ராணுவத் தளவாட நிறுவனங்களின் இணைப்பு: எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ராணுவத் தளவாடத் துறை என்றாலே "51 நிறுவனங்கள் 5 ஆகச் சுருங்கிவிட்டன" என்ற வரி வந்துவிடும். பெரிய ஒப்பந்த நிறுவனங்களைப் பற்றி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் 2022 அறிக்கை சொல்லும் கணக்குதான் அது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பலரும் செய்கிற தவறு. ஒரு குறிப்பிட்ட டெண்டருக்கு எத்தனை பேர் வர முடியும் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஏவுகணையை உந்திச் செலுத்தும் திட எரிபொருள் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் அதைச் செய்ய 6 நிறுவனங்கள் இருந்தன. பிறகு மிஞ்சியவை இரண்டுதான். அதில் ஒன்றான ஆர்பிட்டல் ஏடிகேவை 2018-இல் நார்த்ராப் குரும்மன் வாங்கியது. அடுத்த ஆண்டே, மினிட்மேன் என்ற அணு ஆயுத ஏவுகணைக்கு மாற்று உருவாக்கும் போட்டியிலிருந்து போயிங் விலகியது. மோட்டார் எதிராளி கையில் இருக்கும்போது போட்டி நியாயமாக இருக்காது என்றது. 2020-இல் 1,330 கோடி டாலர் ஒப்பந்தம், வேறு ஏலமே இல்லாமல், நார்த்ராப்புக்குப் போனது.

சென்டினல் என்ற அந்தத் திட்டத்தின் மதிப்பீடு 2024-இல் 81 சதவீதம் எகிறியது. உடனே "இணைப்பால்தான்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஏற்றத்தில் பெரும்பங்கு ஏவுதளம், கட்டுப்பாட்டு மையம் போன்ற தரைக் கட்டமைப்பிலிருந்து வந்தது.

நிறுவனங்களின் பேராசை மட்டும்தான் காரணம் என்பதும் சரியல்ல. பனிப்போர் முடிந்து பட்ஜெட் சுருங்கியபோது, 1993-இல் நிறுவனத் தலைவர்களை விருந்துக்கு அழைத்து, எல்லோருக்கும் வேலை இருக்காது என்று உணர்த்தியதே பென்டகன்தான். 1995-இல் லாக்ஹீடும் மார்ட்டின் மரியெட்டாவும், 1997-இல் போயிங்கும் மெக்டானல் டக்ளஸும் இணைந்தன. அப்புறம் லாக்ஹீட் மார்ட்டின் நார்த்ராப்பையும் வாங்கப் போனபோது, 1998-இல் அதே அரசு வழக்குப் போட்டுத் தடுத்தது.

"நல்ல ஸ்டார்ட்அப் வந்தால் புதுமை தானாக வந்துவிடும்" என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. 2006-இல் போயிங்கும் லாக்ஹீடும் ராக்கெட் ஏவும் தொழிலை ஒன்றாக்கின. ராணுவச் செயற்கைக்கோள்களை ஏவுவது ஏறக்குறைய அந்த ஒரே கூட்டு நிறுவனத்தின் வசமானது. ஸ்பேஸ்எக்ஸிடம் வேலை செய்யும் ராக்கெட் இருந்தும், போட்டியில் இடம் கேட்டு 2014-இல் அது விமானப்படை மீது வழக்குத் தொடர வேண்டியிருந்தது. ராணுவச் செயற்கைக்கோள்களை ஏவத் தகுதிச் சான்று 2015-இல் கிடைத்தது, 2016-இல் ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளை ஏவ 8.27 கோடி டாலருக்கு ஒப்பந்தமும் கிடைத்தது. வாங்குபவர் கதவைத் திறக்காவிட்டால் எவ்வளவு நல்ல தொழில்நுட்பமும் வெளியேதான் நிற்கும்.

எல்லா இணைப்பையும் ஒரே மாதிரி எதிர்ப்பதும் தவறு. மீதமிருந்த மோட்டார் நிறுவனமான ஏரோஜெட் ராக்கெட்டைனை லாக்ஹீட் வாங்க முயன்றபோது, சந்தைப் போட்டியைக் காக்கும் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது, 2022-இல் லாக்ஹீட் பின்வாங்கியது. 2023-இல் எல்3ஹாரிஸ் அதை வாங்க ஆணையம் தடை போடவில்லை. எல்3ஹாரிஸ், லாக்ஹீட் போல ஏவுகணைகளை முழுதாகக் கட்டித்தரும் பெரிய ஒப்பந்ததாரர் அல்ல. அதே ஆண்டு ஆண்டுரில் என்ற புது நிறுவனம் அட்ரானோஸ் என்ற சிறிய மோட்டார் நிறுவனத்தை வாங்கியது. அதுவும் கையகப்படுத்தல்தான், ஆனால் மோட்டார் சந்தையில் இன்னொரு போட்டியாளர் வர அதுவே வழி செய்தது.