ஃப்யூஷன் சோலோல ஸ்லாப் அடிக்கிறப்போ பண்ற தப்புங்க

போன வருஷம் ஒரு ஜாம்ல ஈ மைனர் வேம்ப் (திரும்பத் திரும்ப ஓடுற சின்ன கார்டு சுத்து) ஓடிட்டு இருந்துச்சு, நான் பேஸ் கிட்டார், எனக்கு பதினாறு பார் சோலோ குடுத்தாங்க, நானும் பதினாறு பாரையும் கட்டை விரலாலயே அடிச்சு தீர்த்துட்டு பெருமையா திரும்பிப் பார்த்தா ட்ரம்மர் கேக்குறான், "மச்சி அது சோலோவா, பாத்திரக் கடையில அலமாரி சாஞ்ச மாதிரில இருந்துச்சு". செம கோவம். வீட்டுக்கு வந்து ஃபோன்ல பதிவானத போட்டுக் கேட்டா, அவன் கொஞ்சம் குறைச்சுதான் சொல்லிருக்கான்னு புரிஞ்சுது. நோட்டெல்லாம் சரிதான், ஸ்பீடும் பரவால்ல, ஆனா ஒரு நோட்டு அடிச்சா கூடவே ரெண்டு மூணு ஸ்ட்ரிங் முனகிட்டே இருக்கு.

இதான் முதல் தப்பு, என் கணக்குல பெரிய தப்பும் இதான். ஸ்லாப்னாலே, அதாவது பேஸ் ஸ்ட்ரிங்க கட்டை விரலால குத்தியும் மத்த விரலால சுண்டியும் வாசிக்கிறதுன்னாலே, எல்லாரும் வலது கை கட்டை விரலையே பாத்துட்டு இருக்கோம், வேலைல பாதிக்கு மேல இடது கைலதான் இருக்கு. அடிக்காத ஸ்ட்ரிங்க எல்லாம் சும்மா இருக்கிற விரல்களால லேசா தொட்டுட்டே இருக்கணும், அழுத்தக் கூடாது, தொட்டா போதும். இதுல ஒரு குட்டி பொறி இருக்கு, ஒரே ஒரு விரல வெச்சு மியூட் பண்ணா, அது அஞ்சு, ஏழு, பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரா வந்துச்சுன்னா மியூட் ஆகுறதுக்கு பதிலா ஹார்மோனிக் 'டிங்'னு கேக்கும், அதனால எப்பவும் ரெண்டு மூணு விரல படுக்க வெச்சு மியூட் பண்ணுங்க. சரியா வருதான்னு பாக்க ஆம்ப் இல்லாம கோஸ்ட் நோட் (மியூட் பண்ணி அடிக்கிற வெறும் தட்டு) மட்டும் ஒரு நிமிஷம் அடிங்க, சுதியே கேக்கக் கூடாது, வெறும் 'டக் டக்'தான் கேக்கணும்.

இந்த டெக்னிக் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி தப்பு தானா குறையும். அமெரிக்க பேஸிஸ்ட் லாரி கிரஹாம் அவங்க அம்மா கூட கிளப்ல வாசிச்சிட்டு இருந்தப்போ ட்ரம்மர் இல்லாம போச்சு, அம்மா பியானோ, இவரு பேஸ், அவ்ளோதான் பேண்ட். கிக் ட்ரம்முக்கு பதிலா கட்டை விரலால ஸ்ட்ரிங்க குத்தினாரு, ஸ்னேர் ட்ரம்முக்கு பதிலா விரலால சுண்டினாரு, இந்தச் சுண்டுறதத்தான் பாப்னு சொல்றோம். அப்புறம் ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்ங்கிற ஃபங்க் பேண்டுல அவரு வாசிச்சத கேட்டு ஊரே அந்தப் பக்கம் திரும்பிச்சு. அதாவது பொறந்ததுலேர்ந்தே இது ட்ரம்ஸோட வேலை. நிஜ ட்ரம்மர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ரெண்டாவது பீட்டுலயும் நாலாவது பீட்டுலயும் ஸ்னேர் அடிச்சிட்டு இருக்கும்போது நாம நம்ம இஷ்டத்துக்கு எல்லா இடத்துலயும் பாப் அடிச்சா ரெண்டு ட்ரம்மர் சண்டை போடுற மாதிரிதான் கேக்கும். எப்பவாவது அவரு ஸ்னேரோட சேந்து விழட்டும், மத்த நேரம் அவரு விட்ட இடைவெளில விழட்டும்.

பாப் பத்தி சொல்லணும். விரல கொக்கி மாதிரி முழுசா உள்ள விட்டு இழுக்குறோம்ல, அது தப்பு. நகக்கண் அளவுக்கு நுனி உள்ள போனா போதும், ஜி ஸ்ட்ரிங்க சுண்டணும், பிடுங்கக் கூடாது. பிடுங்கினா சுதி மேல ஏறும், சத்தம் கட்டை விரல் நோட்ட விட ரெண்டு மடங்கு வரும், விரலும் அடுத்த நோட்டுக்கு நேரத்துக்கு வெளிய வராது. கட்டை விரல் அடிக்கிற இடம் ஃப்ரெட்போர்டோட கடைசி ஃப்ரெட்டு பக்கம், விரலோட பக்கவாட்டு எலும்பு படணும், சூடான தோசைக்கல்ல தெரியாம தொட்டுட்டா கை எப்படி தானா வருமோ அப்படி வரணும். முழங்கைலேர்ந்து அடிக்காதீங்க, மணிக்கட்டு சாவி திருப்புற மாதிரி சுத்தினா போதும். பேஸிஸ்ட் விக்டர் வூட்டன் பண்ற டபுள் தம்ப் வேற கதை, அதுல கட்டை விரல் கீழ போய் அடுத்த ஸ்ட்ரிங் மேல நின்னுட்டு திரும்பி வரும்போதும் அடிக்கும், பிக் மாதிரி. ரெண்டையும் ஒரே வாரத்துல கத்துக்கப் போய் ரெண்டும் அரைகுறையா நின்னவங்க நிறைய பேரு, நானும் அதுல ஒருத்தன்.

இப்போ சோலோ. ஃபங்க் லைன்ல ரூட்டும் (கார்டோட ஆதார நோட்டு) ஆக்டேவும் (அதே நோட்டு ஒரு ஸ்தாயி மேல) மாத்தி மாத்தி அடிச்சா ஜோரா இருக்கும், சோலோல அதையே எட்டு பார் அடிச்சா எதுவுமே சொல்லாம சத்தமா பேசுற மாதிரி. கார்டு மாறுது, நீங்க மாறல. ஒரு உதாரணம், ஈ மைனர் 7லேர்ந்து ஏ 7க்கு போற வேம்ப். ஈ மைனர்ல ஜி ஸ்ட்ரிங் ஏழாவது ஃப்ரெட்டுல டி நோட்ட பாப் பண்ணுங்க, ஏ 7 வர்ற அந்த பீட்டுல அத அப்படியே ஆறாவது ஃப்ரெட்டுக்கு, சி ஷார்ப்புக்கு, ஸ்லைட் பண்ணி இறக்குங்க. ஒரே ஒரு ஃப்ரெட்டுதான், ஆனா கேக்குறவங்களுக்கு கார்டு மாறினது காதுல விழுந்துடும். பேஸிஸ்ட் மார்கஸ் மில்லர கேட்டுப் பாருங்க, அந்த 1977 'ஜாஸ் பேஸ்' கிட்டார்ல அவரு கட்டை விரலால மெலடியவே பாடுவாரு, நடுவுல நிறுத்தி மூச்சும் விடுவாரு. நம்மாளுங்க மூச்சே விடுறதில்ல.

இன்னொண்ணு, ஓப்பன் ஈ ஸ்ட்ரிங்க (எந்த ஃப்ரெட்டும் அழுத்தாம அடிக்கிறது) நம்பியே வாழ்றது. சாக்ஸபோன்காரர் வந்து பி ஃப்ளாட்லயோ ஈ ஃப்ளாட்லயோ டியூன் போட்டாருன்னா கையும் ஓடாது காலும் ஓடாது, ஏன்னா நாம மனப்பாடம் பண்ண எல்லா லிக்கும் (சின்ன சின்ன வாசிப்புத் துண்டு) ஓப்பன் ஸ்ட்ரிங்க வெச்சுதான்.

ஸ்பீடு ட்ரிப்லெட்ட (ஒரு பீட்டுக்கு மூணு நோட்டு) எடுத்தவுடனே மெட்ரோனோம்ல 120ல ஆரம்பிக்காதீங்க. 60ல வெச்சு வாயால சொல்லிட்டே அடிங்க: தகிட. 'த' கட்டை விரல் ஓப்பன் ஈல, 'கி' இடது கை சும்மா தட்டுறது, 'ட' டி ஸ்ட்ரிங் ரெண்டாவது ஃப்ரெட்டுல பாப். மூணும் ஒரே சத்தத்துல, ஒரே இடைவெளில வரணும், பெரும்பாலும் 'கி' தான் அமுங்கிப் போகும் இல்ல அவசரப்படும். அது செட்டானதும் ஒரு பார பதினாறு சப்டிவிஷனா பிரிச்சு அஞ்செழுத்து தகதகிட மூணு தடவை சொல்லி மிச்சம் ஒண்ண அடுத்த பாருக்கு படியா வெச்சுக்கோங்க. மும்பைலேர்ந்து வந்த மோஹினி டே பேஸ்ல கொன்னக்கோல் (வாயால சொல்ற தாளக் கலை) சொற்கள வாசிக்கிறத பாத்தா இது எவ்ளோ தூரம் போகும்னு தெரியும், நமக்கெல்லாம் இந்தச் சொற்கள் சின்ன வயசுலேர்ந்தே காதுல விழுந்துட்டுதான இருக்கு, அத விட்டுட்டு டேப் ஷீட்ல (எந்த ஸ்ட்ரிங், எந்த ஃப்ரெட்டுன்னு எழுதின தாள்) ட்ரிப்லெட்ட எண்ணிட்டு இருக்கோம்.

டோன் விஷயத்துல எல்லாரும் பண்றது ஒண்ணேதான். ரூம்ல தனியா உக்காந்து ஆம்ப்ல பேஸையும் (கீழ் ஒலி) ட்ரெபிளையும் (மேல் ஒலி) ஏத்தி மிட்ட (நடு ஒலி) குழி தோண்டி இறக்கிடுவோம், தனியா கேட்டா சும்மா தீயா இருக்கும், பேண்டோட சேந்தா ஆளே காணோம். கீழ கிக் எடுத்துக்குது, மேல சிம்பல் எடுத்துக்குது, உங்க நோட்டு இருக்க வேண்டிய இடம் அந்த நடுவுல, அதத்தான் நீங்களே வெட்டிட்டீங்க. கம்ப்ரெஸர் (சத்தத்தோட ஏத்த இறக்கத்த குறைக்கிற கருவி) கொஞ்சமா போடுங்க, பாப்போட உச்சத்த மட்டும் தட்டி வைக்கிற அளவுக்கு. அத அழுத்திப் போட்டு கை பேலன்ஸ மறைக்கப் பாத்தா கோஸ்ட் நோட்டும் நிஜ நோட்டும் ஒரே உயரத்துல வந்து நிக்கும்.

ஃபிங்கர் ஸ்டைல்லேர்ந்து ஸ்லாப்புக்கு தாவுற அந்த அரை நொடிய யாரும் தனியா ப்ராக்டிஸ் பண்றதில்ல, கை பிக்கப் மேலேர்ந்து ஃப்ரெட்போர்டு ஓரத்துக்கு போகுறதுக்குள்ள ஒரு நோட்டு காணாமப் போயிடும். நாலு பார் ஃபிங்கர், நாலு பார் ஸ்லாப், அப்புறம் ரெண்டு ரெண்டு, அப்புறம் ஒண்ணொண்ணுன்னு மாத்தி மாத்தி ஓட்டுங்க, வால்யூம் குதிக்காம வர்ற வரைக்கும். நான் இப்போ சோலோவோட முதல் எட்டு பார் ஃபிங்கர்லயே வாசிச்சிட்டு அப்புறம்தான் கட்டை விரல எடுக்குறேன், அந்த ட்ரம்மர் இன்னும் பாராட்டல, ஆனா பாத்திரக் கடைன்னு சொல்றத நிறுத்திட்டான்.