பாஸ்வேர்டு சரிதான், நாஸ் ஏன் உள்ளே விட மாட்டேன் என்கிறது?

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி. போனில் நாஸ் ஆப் திறக்கிறது, டிவியில் படம் ஓடுகிறது. வின்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி போகவே மாட்டேன் என்கிறது. அதே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஏன் என்பது படி 4-இல் வரும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் எதையும் அடிப்பதற்கு முன்பே வின்டோஸ் ஒரு பெயரோடு நாஸின் கதவைத் தட்டிவிடும். சேமித்து வைத்த பெயர் இருந்தால் அது. இல்லாவிட்டால், கம்ப்யூட்டருக்குள் நீங்கள் நுழைந்த கணக்கின் பெயர். வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

படி 1: பிரவுசரில் நுழைந்து பாருங்கள்

நாஸின் ஐபி முகவரியை பிரவுசரில் அடியுங்கள். சைனாலஜி கம்பெனி நாஸ் என்றால் வழக்கமாக 192.168.1.50:5000 மாதிரி, கியூநாப் கம்பெனியுடையது என்றால் கடைசியில் 8080. உங்கள் வீட்டு எண் வேறாக இருக்கும், ரவுட்டர் பக்கத்தில் தெரியும். அதே யூசர்நேம், பாஸ்வேர்டு இங்கே வேலை செய்தால் பாஸ்வேர்டு சரி, கோளாறு வின்டோஸ் பக்கம். இங்கேயும் நுழைய முடியாவிட்டால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வாருங்கள். உள்ளே போனதும் எஸ்எம்பி சேவை (வின்டோஸ் நாஸின் ஃபோல்டர்களைத் திறக்கும் வழி) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

படி 2: பெயரை விட்டு ஐபி-யில் போங்கள்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் \\192.168.1.50 என்று அடித்து என்டர் தட்டுங்கள். "பாதை கிடைக்கவில்லை" என்றோ 53 என்ற எண்ணோ வந்தால் அது லாகின் பிரச்சினையே இல்லை. கேபிள், வைஃபை, ஃபயர்வால் பக்கம் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டாலோ 86, 1326 என்று எண் வந்தாலோ நாஸ் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மேலே படியுங்கள்.

படி 3: பழைய பாஸ்வேர்டைத் தூக்கி எறியுங்கள்

எனக்கு வரும் போன்களில் அதிகம் தீர்வது இந்தப் படியில்தான். ஸ்டார்ட் மெனுவில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று தேடித் திறந்து, வின்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்பதைச் சொடுக்குங்கள். பட்டியலில் நாஸின் பெயரோ ஐபி-யோ இருக்கும். சில வீடுகளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். பக்கத்து அம்புக்குறியை அழுத்தி ரிமூவ் கொடுங்கள், இரண்டையும். பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட்.

படி 4: நாஸ் உங்களைப் பூட்டி வைத்திருக்கிறதா?

சில மாதங்களுக்கு முன் நாஸில் பாஸ்வேர்டை மாற்றினேன், மனைவியின் லேப்டாப்பை மறந்துவிட்டேன். அதில் இசட் டிரைவாக நாஸ் இணைந்திருந்தது. அது பழைய பாஸ்வேர்டோடு போய்த் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ரெண்டாம் நாள் காலையில் "நாஸ் செத்துப்போச்சுங்க" என்றாள். பிரவுசரில்கூடத் திறக்கவில்லை, என் போனில் மட்டும் பளிச்சென்று திறந்தது. தவறான முயற்சிகள் எல்லை தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி-யையே தடுக்கும் ஆட்டோ பிளாக் வசதியை நானே ஆன் செய்து வைத்திருந்தேன்! உங்களுக்கும் இப்படி என்றால், போன் பிரவுசரில் நாஸ் பக்கம் போய், செக்யூரிட்டி பகுதியில் தடைப் பட்டியலிலிருந்து அந்த ஐபி-யை எடுத்துவிடுங்கள். படி 3-ஐ முடித்துவிட்டு இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

படி 5: யார் என்று தெளிவாகச் சொல்லுங்கள்

யூசர்நேம் கட்டத்தில் வெறும் குமார் என்று அடிக்காமல், முன்னால் நாஸைச் சேர்த்து 192.168.1.50\குமார் என்று அடியுங்கள் (பெயர் நாஸில் இருக்கிற அதே ஆங்கில எழுத்தில்). இது நாஸில் இருக்கும் கணக்கு, கம்ப்யூட்டரில் இருப்பது இல்லை என்று வின்டோஸுக்குப் புரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்களுக்கு இது ரொம்பவே உதவும். கம்ப்யூட்டரைத் திறக்கும் நாலு இலக்க பின் இங்கே செல்லாது.

1219 என்ற எண் வந்தால், அதே நாஸுக்கு வேறொரு பெயரில் ஏற்கனவே இணைப்பு திறந்திருக்கிறது என்று பொருள். ஒரு சர்வருக்கு ஒரு நேரத்தில் ஒரே பெயர்தான், வின்டோஸ் அதில் கறார். திறந்த ஃபைல்களை மூடிவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் யூஸ் * /டெலீட் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும். பிறகு புதிதாக நுழையுங்கள்.

படி 6: "கெஸ்ட்" என்ற சொல் வந்தால்

பாஸ்வேர்டே இல்லாமல் (இப்படி நுழைபவர்தான் கெஸ்ட்) இத்தனை வருடம் திறந்த ஃபோல்டர் திடீரென்று "பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது" என்று சொல்கிறதா? 2024 அக்டோபரில் வந்த வின்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ வகையில், எஸ்எம்பி இணைப்பில் கையொப்பம் (வரும் தகவலை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை) கட்டாயமானது. கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு ஏது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தெரியாத பெயர் வந்தால் அதைக் கெஸ்டாக எடுத்துக்கொள்ளும்படி சில நாஸ்கள் அமைக்கப்பட்டிருக்கும். அதனால் யூசர்நேமில் ஒரு எழுத்து பிசகினாலும் இதே செய்தி வரும், பாஸ்வேர்டு தவறு என்று வராது. முதலில் எழுத்தைச் சரிபாருங்கள். அப்புறம் நாஸில் உங்களுக்கென்று ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். கையொப்பத்தை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

எஸ்எம்பி-யின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொல்பவர்கள் பேச்சும் வேண்டாம். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் புகுந்தது அந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியிலிருந்து வின்டோஸ் 10 அதை இன்ஸ்டால் செய்வதையே நிறுத்திக்கொண்டது. நாஸில் புதிய ஃபர்ம்வேர் (நாஸை இயக்கும் மென்பொருள்) போட்டு, எஸ்எம்பி 2 அல்லது 3-ஐத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: உள்ளே போயாச்சு, ஃபோல்டர் திறக்கவில்லை

ஃபோல்டர்களின் பெயர்கள் தெரிகின்றன, சொடுக்கினால் அனுமதி இல்லை என்கிறது. லாகின் முடிந்துவிட்டது, இது பர்மிஷன் விஷயம். நாஸ் பக்கத்தில் அந்த ஷேர்டு ஃபோல்டரைத் திறந்து, உங்கள் பெயருக்கு நேரே ரீட்/ரைட் டிக் போடுங்கள். நீங்கள் இருக்கும் ஏதாவது ஒரு குரூப்புக்கு "நோ ஆக்சஸ்" என்றிருந்தால் சைனாலஜியில் அதுதான் ஜெயிக்கும், உங்கள் டிக் தோற்றுவிடும். அந்தக் குரூப் வரிசையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.