பி.பி. கிங் வாழ்க்கையை வைத்து ப்ளூஸ் கிட்டார் பழகுவது எப்படி

கிட்டார் எடுத்து ஒரு வருஷம் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். சி, ஜி, ஏ மைனர் என்று கார்டு, அதாவது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி, எல்லாம் பிடிக்க வரும். சினிமாப் பாட்டுக்கும் சர்ச் பாட்டுக்கும் ஈடு கொடுத்து வாசிக்க வரும். ஆனால் தனியாக நாலு ஸ்வரம் வாசி என்றால் விரல் எங்கெங்கோ ஓடும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் வைத்திருக்கும் பாடத்திட்டம் ஒரு மனிதரின் வாழ்க்கை. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் கஷ்டநஷ்டத்தைப் பாடிய இசை, அதில் பெயர் பெற்ற கிட்டார்காரர் பி.பி. கிங். அவர் என்ன வரிசையில் கற்றாரோ, ஏறக்குறைய அதே வரிசையில் நாமும் போகலாம்.

ஏன் அவர்? அவர் வேகமாக வாசித்துப் பெயர் வாங்கியவர் இல்லை. மேடையில் அவர் கார்டு பிடித்து வாசிப்பதே அபூர்வம். பாடும்போது கிட்டார் சும்மா இருக்கும், பாட்டு நின்றதும் கிட்டார் பேசும். ஆனாலும் ஒரே ஒரு ஸ்வரத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தனி வாசிப்பு என்றாலே வேகம் என்று நினைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

முதலில் வாய், அப்புறம் விரல்

ரைலி பி. கிங் 1925 செப்டம்பர் 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் இட்டா பீனா ஊருக்கு அருகே ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். அப்பா அம்மா இருவரும் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். விளைந்ததில் பெரும்பங்கு நிலக்காரருக்கு, மிச்சத்தில் கடனைக் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது. சிறு வயதிலேயே அம்மா இறந்துபோக, பாட்டி வளர்த்தார். சர்ச்சில் பாடினார். அங்கே பிரசங்கியார் கிட்டார் வாசிப்பவர், அவரிடம்தான் முதல் சில கார்டுகளைப் பார்த்துக் கற்றார்.

ஆக, அவருக்குப் பாட்டு முதலில் வந்தது, கிட்டார் பின்னால் வந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். கிட்டாரைத் தொடுமுன் ஒரு ப்ளூஸ் பாட்டை வாயால் பாடப் பழகுங்கள். அமைப்பு எளிது. ஒரு வரி பாடுவது, அதே வரியைத் திரும்பப் பாடுவது, மூன்றாவது வரியில் அதற்குப் பதிலாக ஒன்று சொல்வது. ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம். அரூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் வகுப்பிலேயே இப்படி எழுதினாள்:

ஆயிரம் அடி தோண்டியும் போர்ல தண்ணி வரலியே
ஆயிரம் அடி தோண்டியும் போர்ல தண்ணி வரலியே
கடன் கொடுத்த மனுசன் மட்டும் நாளு தவறலியே

இதைவிடச் சரியான ப்ளூஸ் வரி எனக்குத் தெரியாது. அவள் வீட்டு விஷயம் அது, அதனால்தான் அப்படி வந்தது. உங்கள் வீட்டு விஷயத்தை நீங்கள் எழுதுங்கள்.

பன்னிரண்டு பார்

பார் என்றால் நாலு தட்டு கொண்ட ஒரு தாள அளவு. ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்றுக்கு இப்படிப் பன்னிரண்டு. இதற்கு மூன்று கார்டு போதும்: ஏ செவன், டி செவன், இ செவன். நாலு பார் ஏ, இரண்டு பார் டி, இரண்டு பார் ஏ, பிறகு ஒரு பார் இ, ஒரு பார் டி, ஒரு பார் ஏ, கடைசி பாரில் மறுபடி இ. அவ்வளவுதான். ஒரு பாடல் வரிக்கு நாலு பார் வீதம் மூன்று வரிக்கும் சரியாகப் பொருந்தும்.

தாளத்தில்தான் பலரும் தடுக்குவார்கள். கையை மேலும் கீழும் சம அளவில் ஓட்டினால் ப்ளூஸ் வராது. ஒரு பாருக்கு 'தகிட தகிட தகிட தகிட' என்று வாயால் சொல்லுங்கள். 'த'வில் கீழே அடியுங்கள், 'கி'யில் ஒன்றும் செய்யாதீர்கள், 'ட'வில் மேலே இழுங்கள். நம் திஸ்ர நடைதான் இது. மிருதங்கம் பழகிய பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

ரேடியோ வேலை: காது

கிங் இண்டியனோலா பக்கம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். 1946இல் ஒரு நாள் டிராக்டரை நிறுத்துவதற்குள் அது நகர்ந்து கொட்டகையில் மோதி, புகைக்குழாய் உடைந்துபோயிற்று. முதலாளிக்குப் பயந்து கிட்டாருடன் மெம்ஃபிஸ் நகருக்கு ஓடினார். அங்கே அவருடைய அம்மா வழி உறவினர் புக்கா வைட், கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிக்கும் பெயர் பெற்ற ஸ்லைடு கிட்டார்காரர், அவர் வீட்டில் தங்கினார். பிறகு ஊருக்குத் திரும்பி, உழைத்து டிராக்டர் சேதத்துக்கான கடனைத் தீர்த்துவிட்டுத்தான் 1948இல் மறுபடி கிளம்பினார். இந்த இடத்தை என் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன். கலைஞன் என்பதற்காக யாருக்கும் பாக்கி வைக்கக் கூடாது.

மெம்ஃபிஸில் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் வேலை கிடைத்தது. பெப்டிகான் என்ற டானிக்குக்கு விளம்பரப் பாட்டுப் பாடினார், பிறகு தட்டு சுழற்றும் அறிவிப்பாளர் ஆனார். 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்' என்று கூப்பிட்டார்கள், அது சுருங்கி 'பி.பி.' ஆயிற்று. அந்த வேலையின் பெரிய லாபம், நாளெல்லாம் இசைத்தட்டு கேட்க முடிந்தது. டி-போன் வாக்கர், லானி ஜான்சன், ஜாஸ் கிட்டார்காரர்கள் சார்லி கிறிஸ்டியன், ஜாங்கோ ரைன்ஹார்ட் என எல்லாரையும் காதால் வாங்கினார்.

உங்களுக்கான வேலை இது: சிகாகோ ரீகல் தியேட்டரில் 1964 நவம்பர் 21 அன்று பதிவான அவருடைய மேடைக் கச்சேரி, 'லைவ் அட் தி ரீகல்'. போனில் ஓட விட்டு, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கிட்டார் வருகிற இடங்களை மட்டும் வாயால் பாடுங்கள். பாட வராத ஸ்வரத்தை விரலிலும் தேடாதீர்கள். விரல் வைக்கும் இடங்களை எண்ணால் எழுதி வைத்த டேப் தாளைப் பார்த்து எண் எண்ணாக வாசிப்பவர்களுக்குக் காது வளர்வதே இல்லை, இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

அந்த ஆறு ஸ்வரம்

இப்போது இடது கை. மெல்லிய கம்பி முதல் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த இரும்புக் கட்டை. இரண்டாம் கம்பி 10ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல். அது ஏ, உங்கள் வீடு. அதே கம்பியில் 12ஆம் ஃப்ரெட் பி. முதல் கம்பியில் 10ஆம் ஃப்ரெட் டி, 12ஆம் ஃப்ரெட் இ. மூன்றாம் கம்பியில் 11ஆம் ஃப்ரெட் எஃப் ஷார்ப். இந்த ஐந்தோடு, 12ஆம் ஃப்ரெட் பி-யை இழுத்தால் கிடைக்கும் சி ஷார்ப் ஆறாவது. கிட்டார்காரர்கள் இந்தச் சின்ன இடத்துக்கு பி.பி. பாக்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கை இங்கிருந்து நகரவே வேண்டாம்.

இழுப்பதற்கு, அதாவது பெண்ட் செய்வதற்கு, ஒரு விரலை நம்பாதீர்கள். மோதிர விரல் 12ஆம் ஃப்ரெட்டில் இருக்கட்டும், நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பியில் பின்னால் நின்று தள்ள வேண்டும். முதலில் 14ஆம் ஃப்ரெட்டை அப்படியே வாசித்து சி ஷார்ப் எப்படிக் கேட்கிறது என்று மனதில் பதியுங்கள். பிறகு 12இல் இருந்து அந்தச் சுருதிக்கு ஏற்றுங்கள். கொஞ்சம் குறைந்தாலும் அபசுரம்தான். போனில் ட்யூனர் செயலி வைத்து ஊசியைப் பாருங்கள், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் அதை நம்பி இருக்காதீர்கள். அக்கௌஸ்டிக் கிட்டாரில் மூன்றாம் கம்பி பெரும்பாலும் சுற்றுக் கம்பியாக இருக்கும், அதை இழுக்கப் போய் விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டு கம்பியில் மட்டும் இழுங்கள். எலக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் 9 அல்லது 10 அளவுக் கம்பி போட்டால் போதும்.

வைப்ரட்டோ

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். புக்கா வைட் கண்ணாடி அல்லது உலோகக் குழாயைக் கம்பிமேல் வழுக்கி ஒரு துடிப்பான நாதம் எழுப்புவார். கிங்குக்கு அந்த ஸ்லைடு கடைசிவரை கைக்கு வரவில்லை. ஆனால் அந்த நாதம் அவர் காதை விட்டுப் போகவும் இல்லை. வெறும் விரலை வைத்தே அதைக் கொண்டுவரப் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் அவருடைய வைப்ரட்டோ, அதாவது பிடித்த ஸ்வரத்தை அசைத்துத் துடிக்க விடுவது.

செய்முறை இப்படி. ஆள்காட்டி விரலை இரண்டாம் கம்பி 10ஆம் ஃப்ரெட்டில், இரும்புக்கு ஒட்டினாற்போல வையுங்கள். மற்ற மூன்று விரலையும் கம்பியை விட்டு எடுத்து விரித்து விடுங்கள். கட்டைவிரலையும் கழுத்தின் பின்புறத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் பயமாக இருக்கும், கை கீழே விழுந்துவிடும்போல் தோன்றும். விழாது, விரல் நுனியே தாங்கும். இப்போது விரலை வளைக்காமல், முன்கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பூட்டில் சாவி திருப்புவது போலச் சட்சட்டென்று இரு பக்கமும் திருப்புங்கள். விரல் மட்டும் ஆடினால் நாதம் நடுங்கும், முழுக் கையும் சுழன்றால் நாதம் பாடும். கிங் வாசிக்கும் வீடியோவைச் சத்தம் இல்லாமல் போட்டு அவர் இடது கையை மட்டும் பாருங்கள், விரிந்த விரல்கள் படபடப்பது தெரியும்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள். ஸ்வரத்தை மீட்டி இரண்டு தட்டு அசையாமல் பிடியுங்கள். அடுத்த இரண்டு தட்டில் கையைச் சுழற்றுங்கள், ஒரு தட்டுக்கு மூன்று சுழற்சி. அதே தகிடதான். மீட்டியவுடன் ஆட்ட ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். முதலில் ஸ்வரம் நிலைக்க வேண்டும், நிலைத்த பிறகுதான் அசைவுக்கு மதிப்பு. தினம் பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள், மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

பதில் சொல்வது

மேலே சொன்ன பாட்டு வரி ஒவ்வொன்றும் நாலு பார் என்றேன் இல்லையா? வாய் பாடுவது ஏறத்தாழ இரண்டு பார்தான். மீதி இரண்டு பார் கிட்டாருக்கு. பாடும்போது கை நிற்க வேண்டும். இதைப் பெரியவர்களுக்குப் புரிய வைக்கவே பாடாய்ப் பட வேண்டியிருக்கும். பாலக்கோடு பக்கத்திலிருந்து வரும் ஒரு பையனுக்கு மட்டும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவன் அப்பா பாரதக் கூத்தில் முகவீணை வாசிப்பவர். "வேஷக்காரர் அடி முடிச்சு மூச்சு வாங்குற எடத்துலதான மிஸ் எங்கப்பா ஊதுவாரு, நடுவுல ஊதுனா அடிக்க வந்துருவாங்க" என்றான். அவனிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: பதிலுக்கு நாலு ஸ்வரத்துக்கு மேல் எடுக்காதே. தர்மபுரிச் சீமையில் பங்குனி, சித்திரையில் விடிய விடியக் கூத்து நடக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு இரவு போய் முகவீணைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே ஊதாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள்.

பயிற்சி: உங்கள் வரியைப் பாடுங்கள், நிறுத்துங்கள், ஒரு தட்டு காத்திருங்கள், பிறகு நாலு ஸ்வரம். இரண்டாம் முறை அதே வரி, அதே நாலு ஸ்வரம், கடைசி ஸ்வரத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றாம் வரிக்குப் பின் ஏ-யில் வந்து வைப்ரட்டோவோடு நில்லுங்கள்.

மேடைக்குப் போகிறவர்களுக்கு

1949 குளிர்காலத்தில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற ஊரில் ஒரு நடன அறையில் கிங் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக நடுவில் மண்ணெண்ணெய் எரியும் பீப்பாய். இரண்டு பேர் சண்டையில் அதைத் தள்ளிவிட, அறை பற்றிக்கொண்டது. வெளியே ஓடி வந்தவர் கிட்டாருக்காக மறுபடி உள்ளே போனார். அதில் இரண்டு பேர் இறந்தார்கள். சண்டை லூசில் என்ற பெண்ணை முன்னிட்டு என்று பிறகு தெரிந்தது. அப்படிப்பட்ட முட்டாள்தனத்தை இனி செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்டத்தான் கிட்டார்களுக்கு லூசில் என்று பெயர் வைத்தார். கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகும் பிள்ளைகளே, பந்தலில் ஒயர் புகைந்தால் முதலில் நீங்கள் இறங்குங்கள். ஆம்ப்பில் கை வைக்குமுன் எர்த் இருக்கிறதா என்று மைக்செட்காரரிடம் கேளுங்கள். ஸ்டிரிங்கைத் தொட்டதும் சுருக்கென்றால் வாசிக்காதீர்கள், யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

1952இல் 'த்ரீ ஓ கிளாக் ப்ளூஸ்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன்பின் ஊர் ஊராக ஓட்டம்தான். 1956இல் மட்டும் 342 இரவு வாசித்தார். 2014 வரை, நீரிழிவோடும், நாற்காலியில் உட்கார்ந்தும், மேடை ஏறினார். 2015 மே 14இல் லாஸ் வேகஸில் இறந்தார். இவ்வளவு பெயர் வாங்கிய மனிதர் அந்தச் சின்ன இடத்து ஸ்வரங்களையே ஒவ்வொரு இரவும் புதிதாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு மலைப்பு.

'தி த்ரில் இஸ் கான்' எடுக்கும் முறை

எல்லாரும் கேட்கும் பாட்டு இதுதான். ராய் ஹாக்கின்ஸ் 1951இல் பாடியது, கிங் 1969இல் பதிவு செய்து உலகம் முழுக்கக் கொண்டுபோனார். இது பி மைனர், அதனால் அந்த இடத்தையே இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளுங்கள்: வீடு இரண்டாம் கம்பி 12. ஆனால் இரண்டு மாற்றம் உண்டு. ஒன்று, 14ஆம் ஃப்ரெட்டை முழுசாக இழுக்காமல் அரை அளவு, 15ஆம் ஃப்ரெட்டின் சுருதிக்கு மட்டும் இழுங்கள். முழுசாக இழுத்தால் மைனர் போய் மேஜர் ஆகி, சோகமே கெட்டுவிடும். இரண்டு, மூன்றாம் கம்பி 13ஆம் ஃப்ரெட்டைத் தொடாமல் விடுங்கள், பின்னால் வரும் ஜி கார்டோடு அது இடிக்கும். கார்டு வரிசை: நாலு பார் பி மைனர், இரண்டு பார் இ மைனர், இரண்டு பார் பி மைனர், ஒரு பார் ஜி மேஜர் செவன், ஒரு பார் எஃப் ஷார்ப் செவன், கடைசி இரண்டு பார் பி மைனர். நண்பர் ஒருவரைக் கார்டு வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டால் தினப் பயிற்சிக்கு ஆகும்.

இது கைக்கு வந்த பிறகு டி-போன் வாக்கரைப் பின்னோக்கிப் போய்க் கேளுங்கள், கிங் யாரிடமிருந்து எடுத்தார் என்று தெரியும். அதற்கப்புறம் ஆல்பர்ட் கிங், ஃப்ரெடி கிங். பெயர் ஒன்றே தவிர மூவரும் உறவினர் இல்லை, மூன்று பேரின் கையும் வேறு. ஆல்பர்ட் கிங் இடது கைக்காரர், கம்பியைத் தள்ளாமல் கீழ்நோக்கி இழுப்பவர். அதனால் அவரைக் காதால் மட்டும் வாங்குங்கள், கையைப் பார்த்து அப்படியே செய்யப் போகாதீர்கள்.