நீண்ட தூர சைக்கிள் பயணம்: காலையில் செய்யும் தவறு, மதியத்துக்கு மேல் வலிக்கும்

கிராமத்துச் சாலைகளில் நாள் முழுக்க சைக்கிள் ஓட்டக் கிளம்புபவர்கள் படும் பாடு பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். முட்டி வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும், வெளிச்சம் குறைய ஆரம்பிக்கும், போய்ச் சேர வேண்டிய இடமோ இன்னும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆனால் அதற்கெல்லாம் காரணமான தவறு அநேகமாகக் காலையிலேயே, சில சமயம் முந்தின நாள் இரவே, நடந்து முடிந்திருக்கும். அதனால் அவை நடக்கிற வரிசையிலேயே பார்ப்போம்.

முதல் தவறு வரைபடத்தைப் பார்க்கும்போது நடக்கிறது. 100 கிலோமீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், ஆக ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஏற்ற இறக்கமுள்ள சாலையில் இந்தக் கணக்கு நிற்காது. 10 கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 75 நிமிடம் ஆகும். அதே 10 கிலோமீட்டர் இறக்கத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் 20 நிமிடம். மொத்தம் 20 கிலோமீட்டருக்கு 95 நிமிடம். சராசரி மணிக்கு 13 கிலோமீட்டர்கூட வரவில்லை. ஏற்றத்தில் விட்ட நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்பது நடக்காத காரியம். பாதையின் நீளத்தோடு மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதையும் பாருங்கள். மூட்டையோடு போகிற 100 கிலோமீட்டருக்கு, நிற்கிற நேரத்தையும் சேர்த்து, எட்டு ஒன்பது மணி நேரம் ஒதுக்குவதுதான் நியாயம்.

காற்றையும் அதே இரவில் பார்த்துவிட வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரிலிருந்து காற்றும் 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், எதிர்ப்பு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. மேடு என்றால் ஒரு இடத்தில் முடிந்துவிடும்; திறந்த வெளியில் எதிர்க்காற்று முடியவே முடியாது. போய்த் திரும்புகிற பயணமாக இருந்தால், உடம்பில் தெம்பு இருக்கிற காலைப் பொழுதில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது அது முதுகில் படும்படி திசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இன்னொன்று, போன் காட்டும் குறுக்குவழி வயல் வரப்பாகக்கூட இருக்கலாம். செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, சிக்னல் இல்லாத இடத்துக்காக வரைபடத்தைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, புதுப் பொருள். புது சீட், புது ஷூ எல்லாவற்றையும் பயணத்தன்றுதான் முதல்முறையாகப் பயன்படுத்துவது. அரை மணி நேரத்தில் லேசாக உறுத்துவது ஆறாவது மணி நேரத்தில் புண்ணாகிவிடும். சீட்டின் உயரத்தையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். வழியில் முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். ஒரு அங்குலம் ஏற்றி இறக்க வேண்டாம், சில மில்லிமீட்டர் மாற்றிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

டயர் விஷயத்தில் நன்றாக ஓட்டுகிறவர்கள்கூட ஏமாறுகிறார்கள். பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண்களில் பெரியது உச்ச அளவு. அவ்வளவு காற்று அடித்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. கரடுமுரடான சாலையில் கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும், அதிர்வு முழுக்கக் கைக்கும் இடுப்புக்கும் வரும், வேகமும் குறையும். அதற்காக ரொம்பவும் குறைத்தால், பள்ளத்தில் விழும்போது ரிம் டியூபை நசுக்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிடும். பின்சக்கரத்தில் எடை அதிகம், அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக அடிக்க வேண்டும். சாமான்களை முதுகுப்பையில் சுமப்பதும் நான் யாருக்கும் சொல்லாத யோசனை. கேரியரின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில், கனமானவை அடியில் இருக்கும்படி வையுங்கள். தோளும் தப்பிக்கும், வண்டியும் ஆடாது.

சரி, கிளம்பியாயிற்று. இப்போதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு நடக்கிறது. காலைக் குளிரில், உற்சாகத்தில், முதல் ஒரு மணி நேரம் பறப்பார்கள். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், கடுமையாக ஓட்டினால் இரண்டு மணி நேரம் போலத்தான் தாங்கும். தீர்ந்துவிட்டால் கைகால் நடுங்கும், கண் இருட்டும், எரிச்சல் வரும். அதற்குமேல் மன உறுதியைக் கொண்டு ஓட்ட முடியாது. கூட வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே நாள் முழுக்கத் தாங்கும் வேகம். அதிக கியரில் போட்டு நசுக்கி மிதிப்பதும் இதே வகைதான். நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று வருகிற மாதிரி லேசான கியரில் மிதித்தால் முட்டி பிழைக்கும். ஏற்றம் வந்து கால் திணறிய பிறகு கியரை மாற்றாமல், அது கண்ணில் படும்போதே மாற்றுங்கள்.

பசிக்கட்டும், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள் பாருங்கள், அது தனி ரகம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. மதியம் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், அதனால் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது மேல். தண்ணீரும் அப்படித்தான். ஆனால் வெயிலில் மணிக்கணக்கில் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வரும். அதை நீர் போதாமை என்று நினைத்து இன்னும் குடிப்பது ஆபத்து. உப்பும் உள்ளே போக வேண்டும்.

சாலையில் செய்யும் தவறுகளில் விழ வைப்பவை ஒன்றிரண்டுதான். வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிப்பது அதில் ஒன்று. கிராமத்துச் சாலை வளைவுகளில் மணலும் சரளையும் ஒதுங்கிக் கிடக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், ரிம் பிரேக் வண்டிகளில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். பிடித்து விட்டுப் பிடித்து வாருங்கள். இன்னொன்று, பயந்துபோய்த் தார் விளிம்பிலேயே ஓட்டுவது. சக்கரம் விளிம்பைவிட்டு மண்ணில் இறங்கிவிட்டால், ஓட்டியபடியே சாய்வாக மேலே ஏற்றப் பார்க்காதீர்கள். விளிம்பு சக்கரத்தைத் தள்ளி வண்டியைச் சாய்த்துவிடும். நின்று, தூக்கி வையுங்கள். நாய் துரத்தினால் காலால் உதைக்கப் போய் நிலைதடுமாறுவதைவிட, இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது பெரும்பாலும் பலன் தரும்.

பஞ்சர் ஆகும், அது இயல்பு. ஒரே இடத்தில் இரண்டாவது தடவை ஆவதுதான் தவறு. முள்ளை எடுக்காமல் புது டியூபைப் போட்டு, பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். டயரைக் கழற்றியதும் பழைய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். டயரின் பெயர் அச்சிட்ட இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் இருந்தால் இந்தத் தேடல் அரை நிமிட வேலை. டயரின் உட்பக்கத்தை விரலால் தடவாமல் துணியால் தடவுங்கள். முள் துணியில் சிக்கும், விரலைக் கிழிக்காது. ஒட்டுப் போடுகிறவர்கள் அவசரப்படுவது சொல்யூஷனில்தான். தடவியதும் ஒட்டக் கூடாது. ஈரப் பளபளப்பு போய் மங்கும்வரை சில நிமிடம் காத்திருந்து, பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். அவசரத்துக்கு மாற்று டியூப் ஒன்றைக் கொண்டுபோய், ஒட்டுகிற வேலையை ஓய்வெடுக்கும்போது வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மாலையில் வெளிச்சம் இருக்கிறதே என்று விளக்கைப் போடாமல் ஓட்டுவார்கள். மேற்கு நோக்கிப் போகும்போது, பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணில் தாழ்ந்த சூரியன் நேராக அடிக்கும். நீங்கள் முன்னால் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். பின்விளக்கை இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். சூரியன் மிகவும் தாழ்ந்துவிட்டால் சாலையோரமாக நிறுத்திச் சற்று இளைப்பாறிவிட்டு, அது மறைந்த பிறகு முன்விளக்கையும் போட்டுக்கொண்டு மிச்ச தூரத்தை ஓட்டலாம். அரை மணி நேரம் தாமதமாகும் என்று, உங்களுக்காகக் காத்திருப்பவருக்குப் போனில் சொல்லிவிட்டால் போதும்.